‘சரி’ என்று சொல்லக் கூடாத வேலை

திருச்சியில் ஐந்து வருடம் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள் நான். பிள்ளை கரும்பலகையில் ஒரு படியைச் சரியாகப் போட்டால் “ம்ம்... சரி, அப்புறம்?” என்பது என் வாயில் தானாக வந்துவிடும். 2016 ஆகஸ்டில் டெக்சஸில், ஹூஸ்டன் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பள்ளி உளவியல் படிப்பில் சேர்ந்தேன். முதல் செமஸ்டரிலேயே விஸ்க் என்கிற நுண்ணறிவுச் சோதனையை ஒரு பிள்ளைக்கு நடத்தி, அதை வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். என் வீடியோவைப் பார்த்த பேராசிரியர் மதிப்பெண் தாளின் ஓரத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், 31 கோடு. ஒவ்வொன்றும் நான் சொன்ன ஒரு ‘சரி’. அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பிள்ளை சரியான விடை சொல்லும்போது மட்டும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வருகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். “எனக்குப் புரிந்தது என்றால் அந்தப் பையனுக்கும் புரிந்திருக்கும்” என்று கீழே எழுதியிருந்தார்.

இதில் என்ன குற்றம் என்று அன்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பிள்ளையை உற்சாகப்படுத்துவது தப்பா? தப்புதான். நாடு முழுவதும் பல வயதுப் பிள்ளைகளிடம் ஒரே சொற்களில், ஒரே முறையில் சோதனையை நடத்தித்தான் அந்த மதிப்பெண் அட்டவணையைத் தயாரித்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் விடைக்கு விடை ‘சரி’ கிடைக்கவில்லை. என் பையனுக்கு மட்டும் கிடைத்தால் அவனை அந்த அட்டவணையோடு ஒப்பிடவே முடியாது. தவிர, பாதியில் ‘சரி’ நின்றுபோனால், தான் தப்பாகச் சொல்கிறோம் என்று தெரிந்து பிள்ளை சுருண்டுவிடும். முயற்சியைப் பாராட்டலாம், விடையைப் பாராட்டக் கூடாது. டீச்சராக இருந்தவர்களுக்கு இந்தப் படிப்பில் கஷ்டமான பாடம் புள்ளியியல் இல்லை, இதுதான். நான் வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு பழகினேன். சிரிக்காதீர்கள், வேலை செய்தது.

இந்த வேலை என்ன என்று ஊரில் அம்மாவுக்குப் புரியவைக்க முயன்று தோற்றிருக்கிறேன். “டீச்சரா, டாக்டரா?” என்றார். “ரெண்டுக்கும் நடுவுலம்மா” என்றேன். அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்குப் படிப்பிலோ நடத்தையிலோ மனநிலையிலோ சிக்கல் இருந்தால், அது என்ன, எதனால், சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பிடுவது, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வழி சொல்வது, நெருக்கடி வந்தால் முதலில் ஓடி நிற்பது எல்லாம் பள்ளி உளவியலாளரின் வேலை. 1975-இல் வந்த மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான கல்விச் சட்டம்தான் இந்தத் தொழிலை இவ்வளவு பெரிதாக்கியது. இன்று அதை ஐடியா சட்டம் என்கிறார்கள். அதில் 13 வகைப் பாதிப்புகள் சொல்லப்பட்டிருக்கின்றன. முனைவர் பட்டம் வேண்டியதில்லை. முதுகலைக்கு மேலே, முனைவருக்குக் கீழே ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்ற மட்டம் போதும். குறைந்தது 60 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம். மூன்றாவது வருடம் முழுக்கப் பள்ளியில் இன்டர்ன்ஷிப், 1,200 மணி நேரம். டெக்சஸில் உரிமத்தின் பெயர் எல்.எஸ்.எஸ்.பி., அதாவது பள்ளி உளவியலில் உரிமம் பெற்ற ஸ்பெஷலிஸ்ட். முனைவர் பட்டம் இல்லாதவர் தன்னை வெறுமனே ‘சைக்காலஜிஸ்ட்’ என்று இங்கே போட்டுக்கொள்ள முடியாது. விசிட்டிங் கார்டு அடிக்கும் ஆசை உள்ளவர்கள் கவனிக்கவும்.

விசா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி அதுதான். கணவரின் வேலை விசாவோடு ஒட்டிய எச்4-இல் வந்தவள் நான். எச்4-இல் படிக்கலாம். வேலை செய்ய முடியாது. 2015 மே மாதத்திலிருந்து, கணவருக்கோ மனைவிக்கோ அவர் நிறுவனம் போட்ட கிரீன் கார்டு மனு (ஐ-140) ஒப்புதல் பெற்றிருந்தால் எச்4 காரர்கள் வேலை அனுமதி வாங்கலாம் என்று ஆனது. அது கையில் இருந்ததால்தான் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய முடிந்தது. என்னோடு படித்த தெலுங்குப் பெண் மாணவர் விசாவில் வந்தவள். அவள் சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியாக வேலை செய்ய மாணவர்களுக்குத் தரும் அனுமதியில் செய்தாள். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டுவிட்டால், படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஒரு வருட வேலை அனுமதி போய்விடும். பள்ளி இன்டர்ன்ஷிப் ஆகஸ்டிலிருந்து மே, ஜூன் வரை பத்து மாதம்தான் என்பதால் தப்பித்தாள். கோடை வகுப்பையும் அதோடு சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நாள்களை எண்ணிப் பாருங்கள்.

முதல் வருடம் சோதனைகள் பழகப் பிள்ளைகள் வேண்டும். தமிழ் நண்பர்கள் வட்டாரத்தில் கேட்டேன். ஒரே நாளில் ஒன்பது பேர். இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போனேன். காரணம் அப்புறம்தான் தெரிந்தது. எல்லோருக்கும் பிள்ளையின் ஐ.க்யூ. வேண்டும்! மாணவர்கள் பழகுவதற்காக நடத்தும் சோதனையின் மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. நடத்துகிறவளே தப்புத்தப்பாக நடத்தும்போது அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? ஒப்புதல் படிவத்தில் அது தெளிவாக இருக்கிறது, எல்லோரும் கையெழுத்தும் போட்டார்கள். போட்டுவிட்டு, “எங்க கிட்ட மட்டும் சொல்லுங்க” என்றார்கள். ஒரு நண்பர் மட்டும் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, “நம்பர் வேண்டாம்மா, நூத்தி முப்பதுக்கு மேலயா கீழயா, அது மட்டும்” என்றார். சொல்லவில்லை. அவர் மனைவி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிள்ளை கிடைக்குமா என்று பயப்படாதீர்கள், கிடைக்கும். மதிப்பெண் கிடையாது என்பதைப் படிவத்தில் மட்டுமல்லாமல், அவர்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஒரு முறை வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.

அந்த ஒன்பதில் நான்காவது பிள்ளையின் தாளில் நான் செய்த தப்பை இன்றும் புது மாணவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்த தேதி 04/09 என்று இருந்தது. நான் செப்டம்பர் 4 என்று படித்தேன். இங்கே அது ஏப்ரல் 9. விஸ்க் அட்டவணையில் நான்கு மாதத்துக்கு ஒரு வயதுப் பிரிவு. ஐந்து மாதம் பிசகியதால் பிள்ளை வேறு பிரிவுக்குப் போய்விட்டான், மதிப்பெண்ணும் கூடிவிட்டது. பழகும் சோதனை என்பதால் பிழைத்தேன். அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். கூட்டலை மறுநாள் காலையில் இன்னொரு முறை போடுகிறேன். கணக்கு டீச்சர் என்ற கர்வம் கூட்டலில்தான் முதலில் உடைந்தது.

கூட்டல் சரியாக வந்தாலும் அந்த எண் கெட்டியானதல்ல. சராசரி 100, விலகல் 15, அதாவது பெரும்பாலான பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். பிள்ளைக்கு 92 வந்தால் அதை 92 என்று நிறுத்தக் கூடாது. 87-க்கும் 98-க்கும் நடுவில் எங்கோ என்பதுபோல ஒரு வீச்சாகச் சொல்ல வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்தது, பக்கத்து அறையில் பேண்டு வாத்தியப் பயிற்சி நடந்தது, எல்லாம் அதற்குள் இருக்கிறது.

இரண்டாம் வருடம் பிராக்டிகம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி, மீதி நாள் வகுப்பு. அது தொடங்க வேண்டிய வாரத்தில், 2017 ஆகஸ்ட் கடைசியில், ஹார்வி புயல் வந்து ஹூஸ்டனை மூழ்கடித்தது. பள்ளிகள் திறக்கத் தாமதமாயின. திறந்தபோது நான் தயார் செய்து வைத்திருந்த சோதனைப் பெட்டி அலமாரியிலேயே இருந்தது. முதல் சில வாரம் நான் செய்த வேலை, காலையில் பள்ளி வாசலில் நின்று யார் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுக் குறிப்பதும், மழை பெய்தால் மேசைக்கு அடியில் போய் உட்காரும் ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்காருவதும்தான். இதை மணிக் கணக்கில் எப்படி எழுதுவது என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். “நெருக்கடித் தலையீடு என்று எழுது. அதுதான் அது” என்றார்.

மணிக் கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் நாளிலிருந்தே அதை எழுதுங்கள். வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள். வேறு மாநிலத்துக்குப் போனால், தேசியச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், எங்கேயும் அதைத்தான் கேட்பார்கள். நான் ஒரு செமஸ்டர் சோம்பேறித்தனமாக விட்டு, வேலை மாறிப்போன ஒரு சூப்பர்வைசரைத் தேடி டாலஸ் வரை காரோட்டினேன்.

அந்த வருடம் டெக்சஸில் இன்னொரு வெள்ளமும் வந்தது. 2004-இலிருந்து மாநிலக் கல்வித் துறை, சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளைகள் 8.5 சதவீதத்துக்குள் இருக்கிறார்களா என்று பள்ளி மாவட்டங்களை (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் பள்ளிகளின் தொகுப்பு) அளந்துகொண்டிருந்தது. நாட்டின் சராசரி அப்போது சுமார் 13. ‘ஹூஸ்டன் கிரானிக்கிள்’ நாளிதழ் 2016-இல் இதை வெளியே கொண்டுவந்தது. 2017-இல் சட்டமன்றம் இப்படி வரம்பு வைப்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, மாநிலம் சட்டத்தை மீறியிருக்கிறது என்று எழுத்தில் சொன்னது. வகுப்பில் இதைப் பாடமாகப் படித்தோம். பள்ளியில் அது கோப்புகளாக வந்து குவிந்தது. “ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்கிறேன், பொறுங்கள் பொறுங்கள் என்றார்கள்” என்று ஏழாம் வகுப்புப் பையனின் தாய் என் எதிரில் உட்கார்ந்து சொன்னபோது, அந்த 8.5 எனக்கு ஒரு முகமாகத் தெரிந்தது.

இதனால் இன்டர்ன்களுக்கு ஒரு விளைவு உண்டு. கோப்புகள் குவியும் மாவட்டத்தில் இன்டர்ன் என்பவள் மலிவான சோதனை இயந்திரம். பெற்றோர் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 45 பள்ளி நாள்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்பது இந்த மாநில விதி. கெடு நெருங்கினால் எல்லாம் உங்கள் தலையில் விழும். நேர்காணலில் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். “வாரத்துக்கு எத்தனை மணி மேற்பார்வை, யார் தருவார், அவர் என் கட்டடத்தில் இருப்பாரா, கவுன்சலிங் பிள்ளைகள் எத்தனை பேர் கிடைப்பார்கள்” என்று கேளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் மேற்பார்வை என்பது பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் வைத்திருக்கும் அளவு. எனக்குக் கூடுதல் சம்பளம் சொன்ன ஒரு மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு, “பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். ஊரில் கல்யாண மண்டபக்காரர் சொல்லும் ‘பார்த்துக்கலாம்’ எனக்குப் பழக்கம். குறைந்த சம்பளத்துக்கு வேறு இடம் போனேன்.

அங்கே கிடைத்த சூப்பர்வைசர் முப்பது வருட அனுபவம் உள்ளவர், பேச்சு குறைவு. ஒரு பையனைப் பற்றிய என் முதல் மதிப்பீட்டு அறிக்கை 19 பக்கம். பெருமையாகக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதில் எங்கே இருக்கிறான் அவன்?” என்றார். பதினொரு அட்டவணை இருந்தது. அவன் பாம்புகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான் என்பது இல்லை. எழுத வேண்டிய நேரம் வரும்போது எண்ணைப் போட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வது எல்லோருக்கும் வரும் வியாதி. அவர் சொன்ன மருந்து இது: முதலில் அந்தத் தாயிடம் வாயால் சொல்வதுபோல் அரைப் பக்கம் எழுது, பிறகு அதற்கு ஆதாரமாக எண்ணைத் தேடு. சோதனை முடிந்த அன்றே எழுது, மூன்று நாள் கழித்தால் பிள்ளை மறந்து எண் மட்டும் நினைவில் நிற்கும். என் அறிக்கை ஒன்பது பக்கமாக இறங்க ஒரு செமஸ்டர் ஆனது.

வாயைக் கட்டுவதையே இவ்வளவு நேரம் சொன்னேன். வாயைத் திறக்க முடியாமல் தவித்த இடம் ஒன்றும் இருக்கிறது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒரு பிள்ளையிடம் நேரடியாக, அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேட்க வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. “தப்பா ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதா” என்பது போன்ற கேள்வி உதவாது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் அது மூளைக்குத் தெரிந்தால் போதுமா? சாவு என்ற சொல்லை விளக்கு வைத்த நேரத்தில் சொன்னாலே நாக்கைக் கடிக்கச் சொன்ன வீட்டில் வளர்ந்தவள். வகுப்பில் இருவர் இருவராக நடித்துப் பழகியபோது மூன்று முறை திக்கினேன். பேராசிரியர் விடவில்லை. காரில் போகும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார் என்றார். இரண்டு மாதம், நெடுஞ்சாலையில் தனியாக, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனேன். இன்டர்ன்ஷிப் வருடம் டிசம்பரில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்தபோது வாக்கியம் தடுமாறாமல் வந்தது. அவள் “ஆமாம்” என்றாள். நான் அவளைத் தனியாக விடவில்லை, சூப்பர்வைசர் வந்தார், பெற்றோர் வந்தார்கள், அன்றே சிகிச்சைக்குப் போனார்கள். அதற்கு மேல் சொல்வதற்கில்லை. நீங்களும் காரில் சொல்லிப் பழகுங்கள்.

ஒரு தமிழ்ப் பையன் கோப்பும் அந்த வருடம் என்னிடம் வந்தது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. ஊரில் தமிழ் வழியில் படித்தவன், வந்து 14 மாதம். விளையாட்டு மைதானத்தில் ஆங்கிலம் சரளம், வாசிப்பு ஒன்றாம் வகுப்பு மட்டம். கற்றல் குறைபாடு இருக்குமோ என்று ஆசிரியருக்குச் சந்தேகம். “நீதான் தமிழ் பேசுவாயே, சோதனையை அப்படியே தமிழில் கேட்டுவிடு” என்று பள்ளியில் ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அளந்து வைத்த அட்டவணை தமிழுக்குப் பொருந்தாது. ஓர் உதாரணம்: எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதி. ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை, ஏழைத் தவிர எல்லாமே ஓரசைச் சொற்கள். நம்முடையவை நீளம். ‘ஒன்பது’ என்று சொல்லி முடிப்பதற்குள் முந்திய எண் மனதிலிருந்து நழுவும்.

இது வகுப்பறைத் தத்துவம் இல்லை. கலிபோர்னியாவில் 1970-இல், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் போட்டதை எதிர்த்து டயானா வழக்கு வந்தது. ஐ.க்யூ. சோதனையை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் அதே மாதிரி வகுப்பில் போட்டதை எதிர்த்த லேரி பி. வழக்கில் 1979-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்தத் தொழிலின் பழைய பாவங்கள் இவை. அதனால்தான் ஆங்கிலம் தெரியாததையோ ஒழுங்கான பாடம் கிடைக்காததையோ காரணமாக வைத்துக் கற்றல் குறைபாடு என்று முடிவு செய்யக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அன்றாடப் பேச்சு மொழி இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப் புத்தக மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது கனடாவின் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது. இவனுக்கு 14 மாதம்.

அவனுக்கு யூனிட் என்ற, பேச்சே இல்லாத சோதனையை நடத்தினேன். எட்டு சைகைகளில் எல்லாம் முடியும், அதில் தலையாட்டலும் ஒன்று. மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம். நானோ உணர்ச்சிவசப்பட்டால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிற ஆள். அவனும் அப்படியே. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்ததை யாராவது பார்த்திருந்தால் உரிமம் தந்திருக்க மாட்டார்கள். பிறகு அம்மாவிடம் ஊர்ப் பாடப்புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, அவனை வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று படித்து, கடைசியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அதற்கு அட்டவணை கிடையாது, மதிப்பெண் கிடையாது. அறிக்கையில் ஒரு முழுப் பத்தி எழுதினேன்.

முடிவைப் பெற்றோரோடு பேசும் கூட்டத்தில் நான் மொழிபெயர்க்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மதிப்பிட்டவளும் மொழிபெயர்ப்பவளும் ஒரே ஆளாக இருந்தால் தாய் யாரிடம் மறுத்துப் பேசுவாள் என்பது அவர் கேள்வி. தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் செய்தி வாசிப்பதுபோல் பேசினார். ‘கற்றல் குறைபாடு இல்லை’ என்பதில் அந்த அம்மாவுக்குக் ‘குறைபாடு’ மட்டும் காதில் விழுந்து கண் கலங்கிவிட்டது. திரும்பச் சொல்லச் சொன்னேன், இன்னும் எளிதாக. ஆங்கில உதவி வகுப்பும், வாரா வாரம் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான் என்று அளந்து பார்க்கும் வாசிப்புப் பயிற்சியும் போதும் என்று முடிவானது. வெளியே நடைபாதையில் அவர் கேட்ட கேள்வி வேறு: “வீட்ல தமிழ் பேசுறத நிறுத்திட்டோம் மேடம், டீச்சர் சொன்னாங்கன்னு. அது சரியா?” சரியில்லை என்றேன். நிறைய பேசுங்கள், கதை சொல்லுங்கள், அந்தப் புத்தகத்தையும் தினம் படிக்கவிடுங்கள் என்றேன்.

பள்ளி உளவியலாளர்கள் எழுத வேண்டிய பிராக்சிஸ் தேர்வு பற்றிக் கேட்பீர்கள். நான் எழுதியபோது தேர்ச்சிக்கு 147 வேண்டும். இப்போதைய தேர்வு வேறு, தேசியச் சான்றிதழுக்கு 155. இன்டர்ன்ஷிப்புக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள், சட்டமும் நெறிமுறையும் புதிதாக மனதில் இருக்கும்போது. ஆறு வாரம் போதும். அதைவிட உரிமத்துக்கான காகித வேலைதான் இழுக்கும். இந்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரை போட்ட உறையை வரவழைக்க எனக்கு நான்கு மாதமும் தம்பியின் இரண்டு நாள் லீவும் ஆனது.

குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்த நண்பரை இப்போதும் பொங்கல் விழாவில் பார்க்கிறேன். பையன் பள்ளி முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறான். “இப்பவாவது சொல்லலாமே” என்கிறார், தட்டில் வடையை வைத்துக்கொண்டு. அந்தத் தாளை 2017-லேயே துண்டு துண்டாக்கிவிட்டேன். அதையும் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.